வோசர், பொறு, இன்னும் சில

உடையார்கட்டுக் கிளினிக்கில்
ஒற்றைச் செருப்போடு
நிறை பார்க்கும் தட்டில் நிற்கிறாள் யதுசிகா.
பத்துக் கிலோ எழுநூறு.
புள்ளி பச்சைக்குள்தான் விழுந்தது.
நான் மூச்சு விட முன்னம்
புஸ்பகாந்தி மிஸ் அடுத்த பக்கம் திருப்பிவிட்டா.
"இரண்டு வயசும் மூண்டு மாசமும்.
எத்தினை சொல்லுச் சொல்லுவா?"

வாங்கில் இருந்த தாய்மாரின் கதை நின்றது.
அங்கே ஆம்பிளை நான் ஒருத்தன்தான்.
எண்ணிப் பார்த்தேன்.
எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

அவளுக்கு விரல் இருக்கிறது.
நீட்டுவாள், எடுத்துக் கொடுப்பேன்.
விடிய ஐந்தரைக்கு காமென்ட்ஸ் பஸ்
நிரோஜினியை ஏற்றிக்கொண்டு போனால்
பிறகு நான், பிள்ளை,
பிரித்துப் போட்ட தண்ணிப் பம்புகள்.
பம்பு திருத்துகிறவனுக்கு வாய் எதற்கு,
காது போதும்.
பத்து வயதில் நான் அறிந்த நல்ல பிள்ளை
சத்தம் போடாத பிள்ளை.
இதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை.
அவவும் இந்தப் பக்கத்து ஆள்.

"காது வடிவாக் கேக்குது, கூப்பிடத் திரும்புறா.
மூண்டு மாசம் பாப்பம்,
இல்லாட்டிக் கிளிநொச்சிக்கு எழுதித் தாறன்.
அதுமட்டும் போனைக் குடுக்காதேங்கோ. கதையுங்கோ."
"என்னத்தைக் கதைக்கிறது மிஸ்?"
"என்ன செய்யிறியளோ, அதை."

முதல் நாள் வெட்கமாக இருந்தது.
முற்றத்தில் குரலை இறக்கி
"அப்பா இப்ப நட்டுக் கழட்டுறன்" என்றேன்.
கோழி திரும்பிப் பார்த்தது.
பிள்ளை பார்க்கவில்லை.
"இது ஸ்பானர். பன்னிரண்டாம் நம்பர்.
இது வோசர். தேஞ்சுபோச்சு,
அதுதான் தண்ணி ஒழுகுது."
பம்பு எடுக்க வந்த தவராசா அண்ணை
படலையில் நின்று கேட்டார்,
"ஆரோட தம்பி கதைக்கிறாய்?"
போனில் என்று பொய் சொன்னேன்.

பிறகு பழகிவிட்டது.
பருப்புப் பொங்குது, அடுப்பைத் தணிக்கிறன்.
தலைக்கு ஊத்தப் போறன், கண்ணை மூடு.
அங்கை பார் மயில், எங்கட கச்சானைக் கொத்துது,
கள்ள மயில்.
சொல்லச் சொல்ல
கேட்காததும் வந்தது.
லீசிங்காரன் வெள்ளிக்கிழமை வருவான் என்றேன்.
அம்மாவுக்கு மணிக்கட்டு நோகுது என்றேன்.
உள்ளே இத்தனை கிடந்தது எனக்குத் தெரியாது.

ஒரு மாசத்தில் எனக்குக் கதை வந்துவிட்டது.
அவளுக்கு வரவில்லை.

"கலியாணம் கட்டி நாலு வருசம்,
என்னோட இவ்வளவு கதைச்சிருப்பியளோ?"
நிரோஜினி சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

இரண்டாம் மாசம்,
உருண்டு போன ஒன்றைத் தேடி
நான் குப்புறக் கிடந்தபோது
காதுக்குப் பக்கத்தில்
"ஓச."
உள்ளங்கையில் கறுப்பு எண்ணெய்,
அதற்குள் வோசர்.
அம்மா இல்லை, அப்பா இல்லை, வோசர்!
யாரிடம் போய்ச் சொல்வது?
கோழியிடம் சொன்னேன்.

அதன் பிறகு பில் புத்தகத்தின் பின்னட்டையில்
எழுதத் தொடங்கினேன்.
ஓச. தண்ணி. கோயி.
மா என்றால் மாம்பழம்,
சிலவேளை அம்மா.
ட்ர்ர்ர் என்றால் உழவு மெசின்.
அதைச் சொல்லில் சேர்க்கலாமோ என்று
மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

நேற்று இரவு ஏழு மணிக்கு
சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது.
டோர்ச்சை எடுத்தேன்,
"வா, வா, அம்மா வந்திட்டா."
அவள் குந்தியிருந்து
பால்மா ரின்னுக்குள் நட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டி,
என்னைப் போலவே,
"பொறு" என்றாள்.

பொறு, சுடும்.
பொறு, கை வெட்டும்.
பொறு பொறு, அப்பாக்கு வேலை.
ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்,
எந்த நாளும் எழுதி வைத்ததில்லை.

டோர்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.
கடைசி நட்டு ரின்னில் விழுந்தது.
இனி மூடியைத் தேட வேண்டும்.
மூடி கோழிக் கூட்டடியில் கிடந்தது.

இருட்டில் படலை திறந்த சத்தம்.
"ஏன் ரோட்டுக்கு வரேல்லை?"
நான் வாயைத் திறக்க முன்னம்
பிள்ளை
அவளுக்கும் உள்ளங்கையைக் காட்டினாள்.